ஆமை ஓடும் எட்செலும்: பெயரிடுதல் பற்றிச் சில சிந்தனைகள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய அவையில் மோட்டார் காரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரின் இயந்திரத்தைப் பற்றியது அன்று இவ்வுரை. அதன் பெயரைப் பற்றியது. பொருளுக்குப் பெயரிடுதல் கவிஞரின் தொழில்களுள் முதன்மையானது. அந்தத் தொழிலின் வலிமை எவ்வளவு, எல்லை எது, அதனை விலைக்கு வாங்க முடியுமா என்னும் மூன்று கேள்விகளையும் ஒருசேர எழுப்பிய நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1955ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஃபோர்டு மோட்டார் நிறுவனம், தான் உருவாக்கி வந்த புதிய காருக்குப் பெயர் வேண்டி ஒரு கவிஞரின் கதவைத் தட்டியது. அந்தக் கவிஞர் மேரியான் மூர். அந்தக் கார், பின்னர் எட்செல் என்று பெயர் பெற்றது.

காலத்தின் கோலம்

அந்நாளைய அமெரிக்காவைச் சற்றே நினைவுகூர்ந்தால்தான் இந்நிகழ்ச்சியின் பொருள் விளங்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. போர் விமானங்களும் டாங்கிகளும் செய்த தொழிற்சாலைகள் மீண்டும் கார் செய்தன. 1956ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம், 41,000 மைல் நீளமுள்ள நெடுஞ்சாலைகளை நாடு முழுவதும் அமைக்க வழிசெய்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நடுவண் அரசே ஏற்றது. நகரங்கள் விரிந்தன, வீடு ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலும் ஆயின. கார் ஒரு வசதி என்ற நிலை மாறி, வாழ்க்கையின் இலக்கணமாகவே ஆயிற்று.

அரசியலும் அதனின்று விலகி நிற்கவில்லை. 1953இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் வில்சன் பாதுகாப்புத் துறை அமைச்சராக முன்மொழியப்பட்டார். நாட்டின் நலனுக்கும் நிறுவனத்தின் நலனுக்கும் முரண்பாடு வந்தால் என் செய்வீர் என்று செனட் குழு வினவியபோது, நாட்டுக்கு நல்லது எதுவோ அது நிறுவனத்துக்கும் நல்லது, நிறுவனத்துக்கு நல்லது எதுவோ அது நாட்டுக்கும் நல்லது என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார். அவ்விடை திரிக்கப்பட்டும் சுருக்கப்பட்டும் பல்லாண்டு பேசப்பட்டது. திரிபை நீக்கிப் பார்த்தாலும், இரண்டுக்கும் இடையே வேறுபாடு வரும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை என்பது புலனாகும். அந்த நம்பிக்கையின் காலம் அது.

கார்களின் உருவமும் அந்த நம்பிக்கையைப் பேசிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், பி-38 என்னும் போர் விமானத்தின் இரட்டை வாலைக் கண்டு கவரப்பட்டவர். அதன் சாயலில் 1948ஆம் ஆண்டின் கடிலாக் காருக்குப் பின்புறத்தில் இரு சிறு துடுப்புகள் முளைத்தன. ஆண்டுதோறும் அவை உயர்ந்தன. 1959ஆம் ஆண்டின் கடிலாக்கில் அவை உச்சத்தைத் தொட்டன. அத்துடுப்புகள் எந்த வேலையும் செய்யவில்லை. அவை காரைப் பறக்கச் செய்யா. பறப்பதாக உணரச் செய்யும். தமிழ் அணியிலக்கணம் அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். பொருளை விளக்க வந்த அணி, பொருளை விட்டுப் பிரிந்து தானே பொருளாகிவிடுவது எல்லா மொழிகளிலும் தளர்ச்சிக் காலத்தில் நிகழ்வதுதான். அன்றைய அமெரிக்கக் கார் அத்தகைய செய்யுளாக ஆகிக்கொண்டிருந்தது.

ஆண்டுதோறும் உருவத்தை மாற்றுவதன் நோக்கம் வெளிப்படையானது. ஓடும் நிலையில் உள்ள காரையே பழையதாகத் தோன்றச் செய்ய வேண்டும். ஹென்றி ஃபோர்டு தம் டி மாதிரிக் காரை 1908 முதல் 1927 வரை பெரிதும் மாற்றாமல் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார். அவரை வென்றது, மேலும் சிறந்த கார் மட்டும் அன்று. சென்ற ஆண்டின் காரைக் கண்டு அதன் உடைமையாளரே நாணும்படி செய்த உத்தியும் ஆகும்.

கவிஞருக்கு வந்த மடல்

நடுத்தர விலையில் ஒரு புதிய கார் வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனம் முடிவு செய்ததற்குக் காரணம் கணக்கு. விலை குறைந்த ஃபோர்டு கார் வைத்திருந்தவர்கள், வருமானம் உயர்ந்ததும் போட்டி நிறுவனத்தின் பாண்டியாக்கையும் ப்யூக்கையும் நாடிச் சென்றனர். அவர்களை வீட்டிலேயே நிறுத்த ஒரு கார் தேவைப்பட்டது. அதன் உருவம் 1955 ஆகஸ்டிலேயே முடிவாகிவிட்டது. பெயர்தான் கிடைக்கவில்லை.

நிறுவனத்திடம் முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் அடங்கிய பட்டியல் இருந்தது. அவை யாவும் உயிரற்றவையாக அவர்களுக்கே தோன்றின. அவ்வாண்டு அக்டோபரில் சந்தை ஆய்வுப் பிரிவின் ராபர்ட் யங், மூர் அவர்களுக்கு மடல் எழுதினார். கேட்ட அளவில் நெஞ்சில் ஓர் உணர்வு எழ வேண்டும். எழிலும் விரைவும் புதுமையும் அதில் தோன்ற வேண்டும் என்பது வேண்டுகோள். பணிவும் நகைச்சுவையும் கலந்த மடல் அது.

மேரியான் மூர் 1887இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். 1925 முதல் 1929 வரை 'டயல்' இதழின் ஆசிரியராக இருந்தவர். 1935இல் வெளிவந்த அவருடைய தேர்ந்தெடுத்த கவிதைகளுக்கு டி.எஸ். எலியட் முன்னுரை எழுதினார். 1951இல் வந்த தொகுப்பு புலிட்சர் பரிசு, தேசிய நூல் பரிசு, போலிங்கன் பரிசு என்னும் மூன்றையும் பெற்றது. மடல் வந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. புரூக்ளினில் எளிய வாழ்க்கை. முக்கோணத் தொப்பியும் கறுப்பு மேலங்கியும் அவர் அடையாளங்கள். கண்ணால் காண்பதைத் துல்லியமாகச் சொல்வதே அவர் கவிதையின் அறம். எறும்புதின்னி, பாலைவன எலி, நத்தை, நெருப்புக்கோழி என்று உயிரினங்களை விடாது நோக்கியவர். பிறர் கட்டுரைகளிலிருந்தும் விளம்பரத் தாள்களிலிருந்தும்கூடச் சொற்றொடர்களை எடுத்து, எடுத்த இடத்தையும் குறிப்பிட்டுக் கவிதையில் சேர்த்துக்கொண்டவர். எனவே ஒரு கார் நிறுவனத்தின் மடல் அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை. இன்னொரு விலங்கைக் காணும் வாய்ப்பாகவே தோன்றியது போலும்.

அவர் அனுப்பிய பெயர்கள் பல. 'ரெசிலியண்ட் புல்லட்' என்றால் துவண்டு நிமிரும் தோட்டா. 'மாங்கூஸ் சிவிக்' என்றால் ஊர்க் குடிமை அறிந்த கீரி. 'டர்கோடிங்கோ' என்பது ஒரு நீலப் பறவையின் பெயரைக் குழைத்துச் செய்தது. 'அந்தாந்தே கான் மோட்டோ' என்பது இசையில் மிதமான நடையைக் குறிக்கும் குறியீடு. 'மோட்டோ' என்ற ஒலியில் மோட்டாரும் ஒளிந்திருக்கிறது. 'இன்டெலிஜென்ட் வேல்', அதாவது அறிவுள்ள திமிங்கிலம், முன்னரே ஒரு பொருளுக்கு இட்ட பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோதனைக்காகச் செய்யப்பட்ட ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அப்பெயர் தாங்கியது. இறுதியாக 1955 டிசம்பரில் அவர் எழுதி அனுப்பிய பெயர் 'யுடோப்பியன் டர்ட்டில்டாப்'. பொன்னுலகின் ஆமை ஓடு என்று தமிழில் சொல்லலாம். நிறுவனம் அவருக்கு ரோசாப் பூங்கொத்து அனுப்பியது. பெயரை மட்டும் ஏற்கவில்லை.

இப்பெயர்களைக் கேட்டுச் சிரிப்பது எளிது. அன்று பலரும் சிரித்தனர். அவரும் தம் பெயர்களில் ஒரு சிரிப்பை வைத்தே அனுப்பினார். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அவருடைய ஒவ்வொரு பெயரிலும் ஒரு பொருள் இருக்கிறது. கீரியின் விரைவு, தோட்டாவின் நெகிழ்ச்சி, ஆமை ஓட்டின் வளைவு என எல்லாம் கண்ணால் கண்டவை. ஆமை ஓட்டை எடுத்துக்கொள்வோர்க்கு அதன் பொருத்தம் விளங்கும். தன் வீட்டைத் தன் முதுகில் சுமந்து செல்லும் உயிர் ஆமை. உலோகக் கூரையின்கீழ் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் விரையும் அமெரிக்கரை இதனினும் நன்றாக யார் பாடினார்? ஆனால் ஆமை மெல்ல நடப்பது. விற்பனையாளர்களின் செவிக்கு அது கசந்திருக்கும். அவர்கள் வேண்டியது காரைக் காட்டும் சொல் அன்று. காரை வாங்குவோர் தம்மைத் தாமே கண்டு மகிழும் கண்ணாடி.

பதினெண்ணாயிரம் பெயர்கள்

அக்கண்ணாடியைச் செய்வதற்கு அந்நாளில் ஓர் அறிவியலே தோன்றியிருந்தது. மக்கள் எதை வாங்குகின்றனர் என்பதை விடுத்து, ஏன் வாங்குகின்றனர் என்பதை உளவியல் வழியே ஆராய்வது அது. வான்ஸ் பாக்கார்டு 1957இல் எழுதிய நூல் அத்துறையின் மறைவான வழிகளைப் பொதுமக்களுக்குக் காட்டிப் பெரும் விற்பனை கண்டது. ஃபோர்டு நிறுவனத்தின் பொருட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சமூக ஆய்வு நிறுவனத்தின் வழியே, இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் எண்ணூறு பேரும் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் எண்ணூறு பேரும் வினவப்பட்டனர். அனைவரும் அண்மையில் கார் வாங்கியவர்கள். ஒவ்வொரு காரும் ஓர் ஆளாக இருந்தால் எத்தகைய ஆளாக இருக்கும் என்று அறிவதே நோக்கம்.

மக்களின் விடைகள் சுவையானவை. ஃபோர்டு கார் அவர்களுக்கு ஆண்மை மிக்கது. பண்ணைக்காரரோ பழுது பார்ப்பவரோ ஓட்டுவது. செவ்ரோலே சற்று வயதான, நிதானமான, பாதிரியார் ஓட்டத்தக்க வண்டி. இரும்பில் குணம் இல்லை. குணத்தை ஏற்றியவர்கள் மக்கள். நாட்டுப்புறக் கதைகளில் நரிக்குத் தந்திரமும் யானைக்குப் பெருந்தன்மையும் ஏற்றிய அதே மனம் பியோரியா நகரில் கார்களுக்கு இதனைச் செய்தது. கற்பனை பொதுமக்களிடம் வற்றிவிடவில்லை என்பதற்கு இது சான்று. அக்கற்பனையை அளந்து, படம் வரைந்து, விற்பனைக்குப் பயன்படுத்த முற்பட்டதுதான் புதுமை.

பெயருக்கான தேட்டமும் பெருகியது. விளம்பர நிறுவனமான ஃபூட், கோன் அண்ட் பெல்டிங் தன் அலுவலகங்களில் போட்டி நடத்திப் பதினெண்ணாயிரம் பெயர்களைத் திரட்டியது; அவற்றை ஆறாயிரமாகக் குறைத்துக் கொடுத்தது. ஆறாயிரத்தைச் சல்லடையிட்டு எஞ்சியவற்றுள் கோர்சேர், சைட்டேஷன், பேசர், ரேஞ்சர் என்ற நான்கும் முன்னணியில் நின்றன. 1956இன் இறுதியில் செயற்குழு கூடியது. எந்தப் பெயரும் பிடிக்காமற்போகவே, குழுவுக்குத் தலைமை தாங்கிய எர்னஸ்ட் பிரீச் பழைய ஒரு பெயரைத் தேர்ந்தார். அது எட்செல். நிறுவனரான ஹென்றி ஃபோர்டின் ஒரே மகன், 1943இல் மறைந்தவர். குடும்பத்தினர் அப்பெயரை முன்னர் விரும்பவில்லை. தெருவில் நிறுத்திக் கேட்டபோது, அச்சொல் பொதுமக்களுக்கு டீசலையும் பிரெட்சல் என்னும் தின்பண்டத்தையும் நினைவூட்டியதாக ஆய்வாளர்கள் அறிந்திருந்தனர். இருந்தும் அதுவே நிலைத்தது. முன்னணியில் நின்ற நான்கும் அக்காரின் நான்கு வகைகளுக்குப் பெயராயின. முடிவு மூர் அவர்களுக்கு முறைப்படி மடல் வழியே தெரிவிக்கப்பட்டது. அம்மடல்கள் முழுவதும் 1957 ஏப்ரல் 13ஆம் நாள் நியூ யார்க்கர் இதழில் வெளிவந்தன. கார் வெளிவரும் முன்பே அதன் பெயர்க்கதை இலக்கியமாகிவிட்டது.

இங்கே நன்னூலை நினைவுகூர்வது பொருந்தும். பெயர் இடுகுறியாகவும் வரும், காரணத்தாலும் வரும். மூர் தந்தவை யாவும் காரணப் பெயர்கள். காரணம் காரின் உருவில் அல்லது ஓட்டத்தில் இருந்தது. எட்செல் என்பது நிறுவனத்தாருக்குக் காரணப் பெயர்; மறைந்த மகனின் நினைவு. வாங்க வந்த மக்களுக்கோ அது வெறும் இடுகுறி. பெற்றோர் இட்ட பெயரின் உருக்கம் பெற்றோர்க்குத்தான் உரியது. அதனை ஊரார் உணர வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. எவரோ ஒருவருடைய உள்ளத்தில் மட்டும் காரணம் கொண்ட சொற்களைக் கவிதையில் இட்டுவிட்டு, படிப்போர்க்கு விளங்கவில்லையே என்று வருந்தும் கவிஞர்களுக்கும் இது பொருந்தும்.

எட்செலின் வீழ்ச்சி

1957 செப்டம்பர் 4ஆம் நாள் எட்செல் விற்பனைக்கு வந்தது. பல மாதங்களாக விளம்பரங்கள் காரைக் காட்டாமல், வருகிறது என்று மட்டும் அறிவித்தன. மூடிய துணிக்குள் இருப்பது இதுவரை உலகம் காணாத ஒன்று என்ற எண்ணம் வளர்ந்தது. அக்டோபர் 13ஆம் நாள் பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா, லூயி ஆம்ஸ்ட்ராங், ரோஸ்மேரி குளூனி ஆகியோர் பங்கு கொண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சி இக்காரின் பெயரால் நடந்தது.

துணி விலகியது. உள்ளே இருந்தது ஒரு கார்.

அதன் முகத்தின் நடுவே செங்குத்தான ஒரு முட்டை வடிவ வளையம். எல்லாக் கார்களும் கிடைமட்டப் பல்வரிசை காட்டிய நாளில், தொலைவிலிருந்தே அடையாளம் காணத்தக்க முகம் வேண்டும் என்று வடிவமைப்பாளர் ராய் பிரவுன் அவ்வாறு செய்தார். எண்ணம் தவறன்று. ஆனால் மக்கள் அதனைக் குதிரையின் கழுத்துப் பட்டை என்றனர். எலுமிச்சம்பழத்தைச் சப்பும் ஓல்ட்ஸ்மொபில் என்றனர். ஆயிரக்கணக்கில் டாலர் செலவிட்டும் விளம்பர நிறுவனம் செய்ய இயலாததைத் தெருவில் போன யாரோ ஒருவர் ஒரே தொடரில் செய்து முடித்தார். அது காரணப் பெயர், கண்டு இட்ட பெயர், ஆகவே ஒட்டிக்கொண்டது. பெயரிடும் உரிமை இறுதியில் மக்களிடமே இருக்கிறது.

முதல் ஆண்டில் இரண்டு இலட்சம் விற்க வேண்டும் என்பது திட்டம். 1958ஆம் ஆண்டு மாதிரியில் அமெரிக்காவில் செய்யப்பட்டவை 63,110. அடுத்த ஆண்டு 44,891. மூன்றாம் ஆண்டு 2,846. 1959 நவம்பரில் எட்செல் கைவிடப்பட்டது. இழப்பு 25 கோடி டாலர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

வீழ்ச்சிக்குப் பெயரைப் பழிப்பது வழக்கம். அது முழு உண்மையன்று. 1957 ஆகஸ்டிலேயே பொருளாதாரத் தேக்கம் தொடங்கிவிட்டது. நடுத்தர விலைக் கார்களின் சந்தையே சுருங்கியது. தனித் தொழிற்சாலை இல்லாமல் ஃபோர்டு, மெர்க்குரி கார்களின் வரிசையிலேயே இவையும் பூட்டப்பட்டதால் எண்ணெய்க் கசிவும், திறவாத மூடிகளும், பொருத்தப்படாத உறுப்புகளும் மலிந்தன. சக்கரத்தின் நடுவில் வைத்த பல்லிணைப் பொத்தான்கள் பழுதாயின. கார் வந்த ஒரு மாதத்தில், அக்டோபர் 4ஆம் நாள், சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. துடுப்பு முளைத்த கார்களில் பறப்பதாகப் பாவித்த நாட்டின் தலைக்கு மேலே மெய்யாகவே ஒன்று பறந்தது. அணியும் பொருளும் நேருக்கு நேர் நின்ற கணம் அது.

இன்னொரு முரணும் உண்டு. உள்ளத்தை அளந்த அத்தனை ஆய்வும் காரின் உருவத்தைத் தீர்மானிக்கவில்லை. உருவம் தனியே முடிவாயிற்று. பெயர் தேடிய அத்தனை முயற்சியும் பெயரைத் தீர்மானிக்கவில்லை. ஒருவர் வாய்ச்சொல் தீர்மானித்தது. கேட்பது போல் கேட்டு, முன்னரே எண்ணியதைச் செய்வது அதிகாரத்தின் இயல்பு. கவிஞரிடம் கேட்டதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

பின்னாளில் ஆங்கிலத்தில் எட்செல் என்ற சொல் பொதுப்பெயராகவே ஆயிற்று. பெருமுயற்சியுடன் செய்து பெருந்தோல்வி அடைந்த எதனையும் எட்செல் என்பர். இடுகுறியாகப் பிறந்த பெயர் ஆகுபெயராகிப் பொருள் பெற்றது. நிறுவனம் விரும்பிய பொருள் அன்று, ஆயினும் பொருள்தான். ராய் பிரவுன் பின்னர் இங்கிலாந்து சென்று 1962இல் வெளிவந்த கோர்ட்டினா காரை வடிவமைத்துப் பெருவெற்றி கண்டார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

சிறியதாக எண்ணுதல்

எட்செல் கைவிடப்பட்ட அதே 1959இல், நியூ யார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் என்னும் விளம்பர நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வண்டுக் காருக்கு விளம்பரம் எழுதத் தொடங்கியது. அக்கார் ஹிட்லரின் ஆட்சியில் பிறந்தது. விளம்பர நிறுவனத்தை வழிநடத்திய வில்லியம் பெர்ன்பாக் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்கச் சாலைகளில் அக்கார் சிறியது, வட்டமானது, துடுப்பற்றது. ஓவிய அமைப்பாளர் ஹெல்முட் குரோன் ஒரு முழுப்பக்கத்தை வெறுமையாக விட்டு, மூலையில் காரைச் சிறு புள்ளி போல் வைத்தார். ஜூலியன் கோனிக் கீழே சிறியதாக எண்ணுங்கள் என்ற கருத்தில் இரண்டே சொற்களை எழுதினார். அடுத்த ஆண்டு காரின் படத்தின்கீழ் 'லெமன்' என்ற ஒரே சொல். எலுமிச்சை என்று பொருள்படும் அச்சொல் ஆங்கிலப் பேச்சு வழக்கில் பழுதான பொருளைக் குறிக்கும். ஒரு சிறு உலோகப் பட்டையில் வடு இருந்ததால் சோதனையாளர் அக்காரை விற்பனைக்கு அனுப்பவில்லை என்பது விளக்கம். எட்செலைக் கொன்ற அதே எலுமிச்சை இங்கே நம்பிக்கையின் சின்னமாயிற்று.

இதில் கவிஞர்கள் கற்கத்தக்கது உண்டு. வெற்றிடத்தைப் பேசவைத்தது, மிகைப்படுத்தாமல் சொன்னது, குறையை மறைக்காமல் அதையே நுழைவாயிலாக்கியது ஆகியவை நல்ல கவிதையின் பண்புகள். பொருளும் சொல்லுக்கு இணையாக இருந்தது. கார் உண்மையிலேயே சிறியது, உண்மையிலேயே உழைத்தது. விளம்பரத் துறையின் இதழான அட்வர்டைசிங் ஏஜ் 1999இல் அந்நூற்றாண்டின் தலைசிறந்த விளம்பரத் தொடர் என்று இதனையே தேர்ந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1964இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் லிண்டன் ஜான்சனின் கட்சி அதே நிறுவனத்தை அமர்த்தியது. செப்டம்பர் 7ஆம் நாள் ஒரு நிமிட விளம்பரம் ஒன்று கட்டணத்துக்கு ஒரே ஒருமுறை ஒளிபரப்பாயிற்று. சிறுமி ஒருத்தி பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். எண்ணிக்கை தடுமாறுகிறது. பிறகு ஆண் குரல் ஒன்று தலைகீழாக எண்ணுகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. எதிர்த்து நின்ற பாரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. தேவையும் இல்லை. பார்த்தவர் நெஞ்சமே பெயரை நிரப்பிக்கொண்டது.

தமிழ்க் கவிதை மரபில் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் போற்றப்படும் உத்தி இதுவன்றோ? சொல்லாததைச் சொல்லவைப்பது, கேட்பவரைக் கவிதையின் பாதிப் பங்குக்கு உரியவராக்குவது. தலைவனின் நாணத்தையும் தலைவியின் துயரையும் உணர்த்துவதற்குப் பயன்பட்ட நுண்கருவி, இங்கே அச்சத்தைப் பயிரிடப் பயன்பட்டது. வண்டுக் கார் விளம்பரத்தில் சொல்லுக்குப் பின்னால் ஒரு கார் இருந்தது. வாங்கியவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லைச் சோதிக்கலாம். பூவிதழ் விளம்பரத்தின் பின்னால் சோதிக்கத்தக்க பொருள் எதுவும் இல்லை. ஜான்சன் 44 மாநிலங்களில் வென்றார். போர் அச்சத்தைக் காட்டி வாக்குக் கேட்ட அவருடைய அரசுதான் 1965 மார்ச்சில் தன் கடற்படை வீரர்களை வியட்நாமின் டா நாங் கரையில் இறக்கியது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ராபர்ட் மக்நமாரா. ஃபோர்டு நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருந்து எட்செலை முடித்து வைத்தவர்களுள் ஒருவர் அவர்; 1960இன் இறுதியில் அந்நிறுவனத்தின் தலைவரும் ஆனவர். வில்சனை அடுத்து கார் உலகம் அளித்த இரண்டாம் பாதுகாப்பு அமைச்சர். எண்களால் எதனையும் அளந்துவிடலாம் என்ற நம்பிக்கையைத் தொழிற்சாலையிலிருந்து போர்க்களத்துக்கு அவர் எடுத்துச் சென்றார். தாமும் தம் தோழர்களும் மிகத் தவறிழைத்ததை 1995இல் வெளிவந்த தம் நூலில் அவரே ஒப்புக்கொண்டார். இருப்பதைக் காணாமல் விரும்பியதை அளந்தவர்களின் கதை, கார்ச் சந்தையில் முடிந்தால் இழப்பு பணத்தளவில் நிற்கும். அரசியலில் முடிந்தால் அவ்வாறு நிற்பதில்லை.

மறைமலை நகர்

ஃபோர்டு நிறுவனத்துக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பில் பெயர் பற்றிய செய்தி ஒன்று பொதிந்துள்ளது. சென்னைக்குத் தெற்கே அந்நிறுவனம் அமைத்த தொழிற்சாலையிலிருந்து 1999இல் ஐகான் கார் வெளிவந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு இறுதி வண்டியும் வெளியேறியது. அத்தொழிற்சாலை அமைந்த ஊரின் பெயர் மறைமலை நகர். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டவரின் பெயர் தாங்கிய ஊர். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. தாம் நம்பிய ஒன்றைத் தம் பெயரிலேயே வாழ்ந்து காட்டிய அறிஞரின் ஊரில், பதினெண்ணாயிரம் பெயர்களைத் தேடியும் காருக்கு ஒரு பெயர் காணாத நிறுவனம் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கார் செய்தது. தொழிற்சாலை நின்றபோது தொழிலாளர் வாழ்வு கலங்கியது. அது தனியே பேசத்தக்க துயரம். பெயரளவில் சொன்னால், பெயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தால் அது நிலைக்கிறது.

கவிஞர்க்கு உரியது

மேரியான் மூர் ஒரு நிறுவனத்துக்குப் பெயர் எழுதியது தகுமா என்ற வினா அன்று எழுந்தது, இன்றும் எழுகிறது. கவிதையைச் சந்தையில் நிறுத்தினார் என்பது ஒரு சாரார் கருத்து. அது பொருந்தாது. அவர் நிறுவனத்தின் சொல்லைப் பேசவில்லை; தம் சொல்லையே பேசினார். வாங்குவோர் செவிக்கு இனிக்க வேண்டும் என்று கீரியைச் சிங்கமாக்கவில்லை, ஆமையை மறைக்கவில்லை. கவிதைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் காருக்கும் கொடுத்தார். அவர் பெயர் ஏற்கப்படாமற்போனதே அவர் விலைபோகவில்லை என்பதற்குச் சான்று. தாம் எழுதிய புகழ்பெற்ற கவிதை ஒன்றைப் பல்லாண்டு செதுக்கி 1967இல் மூன்றே வரிகளாகக் குறைத்தவர் அவர். சொல் எத்தனை இருந்தால் போதும் என்பதை அறிந்த கை அது. 1972இல் அவர் மறைந்தார். எட்செல் இன்று அருங்காட்சியகப் பொருள். 'யுடோப்பியன் டர்ட்டில்டாப்' எந்தக் காரிலும் பொறிக்கப்படாமலே வாழ்கிறது.

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயரைக் காலம் மறந்துவிட்டது. செம்புலப் பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அவர்கள் கண்ட காட்சியே அவர்களுக்குப் பெயராயிற்று. எவரும் போட்டி வைத்துத் தேர்ந்த பெயர்கள் அல்ல அவை. ஒரு மழையை, ஒரு முற்றத்தை உண்மையாகக் கண்டதற்குத் தமிழ் கொடுத்த பரிசு.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்களைத் தேடி விளம்பரத் துறையும் அரசியல் மேடையும் வரும். வருவதில் வியப்பில்லை, சுருங்கச் சொல்லவும் சொல்லாமல் உணர்த்தவும் அறிந்தவர்கள் கவிஞர்களே. வருவோரை விரட்ட வேண்டும் என்பதில்லை. பொருளைக் காட்டுக என்று முதலில் கேட்க வேண்டும். துணியை விலக்கி உள்ளிருப்பதைக் கண்ட பின்னரே பெயரிட வேண்டும். கண்டது ஆமை எனில் ஆமை என்றே சொல்ல வேண்டும்.